தொங்கு தொட்டியில் எடைதான் செலவு

வியாசர்பாடியில் காய்கறிச் செடி வைக்க நினைப்பவருக்குத் தரை கைகொடுக்காது. கல்யாணபுரம், சத்தியமூர்த்தி நகர், முல்லை நகர் என்று எங்கே பார்த்தாலும் வாசற்படி முடிகிற இடத்தில் தெரு தொடங்கிவிடுகிறது. தப்பித்தவறி ஒரு சாண் மண் கிடைத்தாலும் அதை நம்பிக் கீரை விதைக்க முடியாது. ஒரு பக்கம் கொடுங்கையூர் குப்பைக் கிடங்கு, இன்னொரு பக்கம் பக்கிங்ஹாம் கால்வாய், குடியிருப்புகளை ஒட்டியே ஓடும் கேப்டன் காட்டன் கால்வாய். மழை வலுத்தால் கால்வாய்த் தண்ணீர் தெருவுக்கு ஏறிவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சாக்கடை கலந்த வெள்ளம் இந்தப் பகுதியில் நாள்கணக்கில் நின்றது. அப்படிப்பட்ட தண்ணீர் வடிந்த பிறகு மண்ணில் என்னென்ன தங்கியிருக்கும் என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல இயலாது. அதனால் செடியை மேலே ஏற்றுவது இங்கே அழகுக்காகச் செய்கிற வேலை இல்லை. வெள்ளத்துக்கும் எலிக்கும் தெருவில் மேயும் ஆட்டுக்கும் எட்டாத இடம் வேண்டும் என்பதே காரணம். மொட்டை மாடி தமக்கென்று உள்ளவர்கள் குறைவு. பால்கனிக் கம்பியும் மாடிப்படி ஓரமும் சன்னல் மேல் சட்டமும்தான் பெரும்பாலானவர்களுக்கு உள்ள நிலம்.

மலிவாகத் தொங்கு தொட்டி செய்வது பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் பாத்திரத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள்: எண்ணெய் கேனை இப்படி வெட்டுங்கள், பாட்டிலை அப்படிக் கவிழ்த்துங்கள் என்று. நமக்கு அது பிரச்சினையே இல்லை. காயலாங்கடைகள் நிறைந்த வடசென்னையில் பாத்திரம் கிட்டத்தட்ட இலவசம். உண்மையான செலவு எடையில் இருக்கிறது. தொங்குகிற ஒவ்வொரு கிலோவுக்கும் கயிறு வேண்டும், கொக்கி வேண்டும், அந்தக் கொக்கியைத் தாங்கும் கம்பி வேண்டும். இவற்றில் ஒன்று தோற்றாலும் கீழே நடப்பவர் தலைக்கு ஆபத்து. எனவே தொட்டியைக் கொக்கியிலிருந்து கீழ்நோக்கித் திட்டமிட வேண்டும். எது எவ்வளவு தாங்கும் என்று முதலில் பார்த்து, அதற்கேற்ற மண் கலவை, அதற்கேற்ற பாத்திரம், அதற்கேற்ற செடி என்று வரிசையாக இறங்கி வர வேண்டும். இந்த அத்தியாயத்தில் சொல்லும் எல்லாமே இந்த ஒரு கணக்கிலிருந்து பிறப்பவைதான்.

கணக்கு எளியது. ஐந்து லிட்டர் எண்ணெய் கேனைப் படுக்கவைத்து மேல்பக்கம் வெட்டித் திறந்தால் அதில் சுமார் மூன்றரை லிட்டர் கலவை நிற்கும். தோட்டத்து மண்ணோ செம்மண்ணோ நிரப்பித் தண்ணீர் ஊற்றினால், நனைந்த மண் லிட்டருக்கு ஏறக்குறைய 1.8 கிலோ வரும் என்பதால், ஆறு கிலோவைத் தாண்டிவிடும். அதே கேனில் இரண்டு பங்கு தென்னை நார்க்கழிவு, ஒரு பங்கு மண்புழு உரம், ஒரு கைப்பிடி செம்மண் போட்டால் நனைந்த நிலையிலும் மூன்று, மூன்றரை கிலோவுக்குள் அடங்கும். எடை பாதியாகக் குறைந்துவிட்டது. பால்கனிக் கம்பியில் ஆறு தொட்டி தொங்கவிட்டால் வித்தியாசம் பதினைந்து கிலோவுக்கு மேல். நார்க்கழிவு தன் எடையைப் போல் பல மடங்கு தண்ணீரைப் பிடித்துவைக்கும் என்பதால், எடை குறைவதோடு தண்ணீரும் மிச்சமாகிறது. ஒரே ஒரு எச்சரிக்கை: சுத்திகரிக்காத நார்க்கழிவில் உப்பு அதிகம். கட்டியாக வரும் நார்க்கழிவை வாளியில் ஊறவைத்து, உதிர்ந்ததும் பழைய துணியில் கொட்டிப் பிழிந்து, மறுபடி நல்ல தண்ணீரில் அலசி, மறுபடி பிழிய வேண்டும். மூன்று முறை செய்தால் போதும். இதைச் செய்யாமல் விதைத்தால் முளை வரும், பிறகு இலை ஓரம் கருகும். விதை சரியில்லை என்று விதைக்காரர்மேல் பழி போகும்.

தமிழ்நாடு அரசின் தோட்டக்கலைத் துறை 2013-14 முதல் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் மாடித் தோட்டத் தொகுப்புகளை மானிய விலையில் கொடுக்கத் தொடங்கியது. 2021இல் வந்த தொகுப்பில் ஆறு செடிப் பைகள், ஆறு வகை விதைகள், இரண்டிரண்டு கிலோவாக ஆறு நார்க்கழிவுக் கட்டிகள், உயிர் உரங்கள், வேப்பம் பூச்சிக்கொல்லி, கையேடு ஆகியவை இருந்தன. 900 ரூபாய் மதிப்புள்ளதை 225 ரூபாய்க்குத் தந்தார்கள். நல்ல திட்டம். ஆனால் அது மொட்டை மாடி உள்ளவரை மனத்தில் வைத்துச் செய்தது. அந்தப் பையை நிரப்பி நனைத்தால் இருபது கிலோவை நெருங்கும்; அதைத் தளத்தில்தான் வைக்கலாம், கம்பியில் மாட்ட முடியாது. மொட்டை மாடி இல்லாத வீட்டுக்கு அந்தத் தொகுப்பு பயன்படாது என்று முடிவுகட்ட வேண்டாம். இரண்டு கிலோ கட்டி ஒன்று ஊறினால் இருபத்தைந்து லிட்டர் அளவுக்கு உப்பும். மேலே சொன்ன விகிதத்தில் கலந்தால் அது பத்துத் தொங்கு தொட்டிக்குப் போதும். ஆறு கட்டிகளை ஒரு மாடியில் இருக்கும் ஆறு குடும்பங்கள் பங்கிட்டுக்கொண்டால் ஒவ்வொரு வீட்டுக்கும் பத்துத் தொட்டிக்கான நார்க்கழிவு கிடைத்துவிடும். தொகுப்பை வீட்டுக்கு ஒன்று என்று பார்ப்பதைவிட மாடிக்கு ஒன்று என்று பார்ப்பது இங்கே பொருந்தும்.

இனி பாத்திரம். இதில் மலிவைவிடப் பாதுகாப்பு முக்கியம். வடசென்னையில் இதை அழுத்திச் சொல்லித்தான் ஆக வேண்டும். தொழிற்பேட்டைகளிலிருந்தும் ரசாயனக் கிடங்குகளிலிருந்தும் வெளியே வரும் காலி கேன்களும் டிரம்களும் காயலாங்கடையில் நல்ல உறுதியோடு, குறைந்த விலைக்குக் கிடைக்கும். உள்ளே முன்பு என்ன இருந்தது என்று விற்பவருக்கே தெரியாது. எவ்வளவு கழுவினாலும் பிளாஸ்டிக் சுவரில் ஊறியது முழுக்கப் போகாது. அப்படிப்பட்ட கேனில் பூச்செடி வைக்கலாம். வாயில் போடும் எதையும் வளர்க்கக் கூடாது. பெயிண்ட் வாளிக்கும் இதே விதிதான். சமையல் எண்ணெய் கேன், தயிர் வாளி, ஊறுகாய் டப்பா, இனிப்புக் கடையிலிருந்து வரும் நெய் வாளி ஆகியவை உணவு இருந்த பாத்திரங்கள் என்பதால் நம்பலாம். அடியில் முக்கோணத்துக்குள் 2 அல்லது 5 என்ற எண் இருந்தால் வெயில் ஓரளவு தாங்கும். 1 என்ற எண் உள்ள தண்ணீர் பாட்டில் மெல்லியது, ஒளி ஊடுருவும். உள்ளே பாசி பிடிக்கும், வேர் சூடாகும். அதைப் பயன்படுத்துவதென்றால் பழைய லுங்கித் துணியோ கோணியோ சுற்ற வேண்டும். எண்ணெய் டின் வேண்டவே வேண்டாம்: கடல் காற்றில் துரு ஏறும், மே மாத வெயிலில் தகரம் கொதித்து வேரை வேகவைக்கும். காசிமேட்டிலிருந்து வரும் தெர்மாகோல் மீன் பெட்டி எடை குறைவு என்பதால் ஆசை காட்டும். கயிறு மாட்டினால் உடைந்துபோகும், வெயிலில் உதிர்ந்து துகள் துகளாய்க் கால்வாய்க்குப் போய்ச் சேரும். அதை நிழலான தரையில் வைத்துக்கொள்ளலாம்.

துளை போடும் இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். பூந்தொட்டிப் பழக்கத்தில் அடியில் நாலு ஓட்டை போட்டால், தொங்குகிற தொட்டியிலிருந்து தண்ணீர் முழுவதும் கீழ் வீட்டுத் துணிமேல் சொட்டும். அடியை அப்படியே விட்டுவிட்டு, அடியிலிருந்து ஒரு விரற்கடை உயரத்தில் பக்கச் சுவரில் மூன்று துளை, ஒரே பக்கமாக, பென்சில் நுழையும் அளவில் போடுங்கள். அந்த ஒரு விரற்கடைக்குள் தண்ணீர் தங்கும். கலவை அதை மேலே உறிஞ்சிக்கொள்ளும். மிஞ்சியது வீட்டுப் பக்கமாகவே வழியும், அங்கே ஒரு குவளை கட்டிக்கொள்ளலாம் அல்லது அடுத்த தொட்டியை அதற்கு நேர்கீழே மாட்டலாம். துளைக்கு உட்புறம் ஒரு துண்டு கொசுவலை வைத்தால் கலவை அடித்துக்கொண்டு போகாது.

தொங்கவிடுவதற்குத் தனி ஸ்டாண்டோ சங்கிலியோ வாங்க வேண்டாம். நம் சமையல்கட்டில் பாலும் நெய்யும் தொங்கிய உறியே போதும். காசிமேட்டில் படகுச் சாமான் விற்கும் கடைகளில் நைலான் கயிறு கிடைக்கும். மஞ்சள், பச்சை நிறத்தில் மளிகைக் கடையில் தொங்கும் பிளாஸ்டிக் கயிறு வெயிலில் ஒரு கோடைக்குள் நொறுங்கத் தொடங்கும், அது வேண்டாம். சணல் மழையில் மக்கும். இரண்டரை மீட்டர் நீளத்தில் இரண்டு கயிறு எடுத்து, இரண்டையும் நடுவில் மடித்து, மடிப்பு நான்கு விரல் நுழையும் வளையமாக நிற்கும்படி சேர்த்து ஒரு முடிச்சு போடுங்கள். இப்போது நான்கு கால்கள் தொங்கும். கால்களின் கீழ் முனைகளைச் சேர்த்து இன்னொரு முடிச்சு. அதன்மேல் வாளியின் அடி உட்காரும். நான்கு கால்களையும் வாளியைச் சுற்றிச் சமமாகப் பிரித்து, விளிம்புக்குக் கீழே ஒரு கயிற்றால் சுற்றுக்கட்டு கட்டினால் வாளி கவிழாது. படுக்கவைத்த கேனாக இருந்தால் அடி முடிச்சு வேண்டாம்; இரண்டு முனைப் பக்கமும் ஒவ்வொரு கயிற்றை வளையமாக்கி ஊஞ்சல்போல் தாங்கவிடுங்கள். நைலான் முடிச்சு வழுக்கும், அதனால் ஒவ்வொன்றையும் இரட்டையாகப் போட்டு, நுனியை நெருப்பில் காட்டி உருக்கிவிட வேண்டும். கட்டிய உறியை மாட்டும் முன், தொட்டி எடையைப்போல் மூன்று மடங்கு தண்ணீர் நிரப்பிய குடத்தை அதில் ஓர் இரவு தொங்கவிட்டுப் பாருங்கள். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இந்தச் சோதனையைச் செய்தால் அறுந்தாலும் கவலையில்லை.

கொக்கி எங்கே மாட்டுவது என்பதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். 1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியதிலிருந்து எழுந்த அடுக்குக் குடியிருப்புகள் பலவற்றில் கூரைக் காரை உதிர்ந்து உள்ளிருக்கும் கம்பி வெளியே தெரிகிறது. அந்தக் கூரையில் ஆணி அடிப்பதும் துளை போடுவதும் காரையை இன்னும் பெயர்க்கும், கம்பிவரை ஈரத்தை விடும். சுவருக்குள் பதித்த பால்கனிக் கம்பியின் மேற்சட்டத்தில், சுவரை ஒட்டிய இரு ஓரங்களில் மாட்டுவதே சரி. நடுவில் மாட்டினால் சட்டம் வளையும். கம்பிக்கு வெளியே, தெருவுக்கு மேலே, ஒரு சின்னப் புதினா டப்பாகூடத் தொங்கக் கூடாது. கம்பிக்கு உள்ளே தொங்கினால் வெயில் குறையும் என்பது உண்மைதான்; அந்தக் குறைவை ஏற்றுக்கொண்டு அதற்கேற்ற செடியைத் தேர்ந்தெடுப்பதே நியாயம்.

செடியைத் தேர்ந்தெடுக்கும்போது எல்லாரும் முதலில் சொல்வது கீரை. ஆப்பிரிக்காவில் நைரோபி நகரின் கிபேரா குடிசைப் பகுதியில் 2008இல் தேர்தலையொட்டி நடந்த கலவரத்துக்குப் பிறகு சாக்குகளில் கீரை வளர்க்கும் வழக்கம் பரவியது. சாக்கின் மேல்புறம் மட்டுமில்லாமல் பக்கவாட்டிலும் துளையிட்டு நாற்று நட்டார்கள். அது வெற்றி பெற்றதற்கு ஒரு காரணம், சாக்கு தரையில் நின்றதால் எடை பற்றிக் கவலை இல்லாமல் பரப்பைக் கூட்ட முடிந்தது. தொங்கு தொட்டியில் அந்த வசதி கிடையாது. நன்றாகப் பராமரித்த கீரைப் பாத்தி சதுர மீட்டருக்கு ஒன்றரை கிலோ தரும் என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது அங்குல அகல வாளியின் வாய்ப்பரப்பு ஒரு சதுர மீட்டரில் இருபத்தைந்தில் ஒரு பங்குதான். அதாவது 25, 30 நாள் காத்திருந்து ஒரு வாளியிலிருந்து கிடைக்கும் சிறுகீரை அறுபது கிராம். நான்கு பேர் சாப்பிடும் ஒரு வேளைக் கூட்டுக்கு ஐந்து வாளி வேண்டும். விதைத்து, பிடுங்கி, மீண்டும் விதைக்கும் கீரைக்குத் தொங்கு தொட்டி ஏற்ற இடமில்லை என்றே நான் சொல்வேன்.

தொங்கு தொட்டியில் இருக்க வேண்டியவை இரண்டு வகை. கிள்ளியும் சிட்டிகையாகவும் பயன்படுபவை ஒன்று: புதினா, கொத்தமல்லி, பச்சை மிளகாய். ஒரு முறை நட்டால் கிள்ளக் கிள்ளத் துளிர்ப்பவை இன்னொன்று: பொன்னாங்கண்ணி, கொடிப் பசலை, மணத்தக்காளி. இந்த இரண்டாம் வகைக்கு ஒரு கூடுதல் சிறப்பு உண்டு. மூன்று மணி நேர வெயில் கிடைத்தாலும் சமாளித்துக்கொள்ளும். பொன்னாங்கண்ணியைக் கடையில் வாங்கிய கட்டிலிருந்தே ஆறு தண்டு எடுத்து, கீழ் இலைகளை நீக்கி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி ஊன்றினால் பத்து நாளில் வேர் பிடிக்கும். புதினாவும் அப்படித்தான். கொத்தமல்லி விதையைக் கையால் தேய்த்து இரண்டாக உடைத்த பிறகுதான் விதைக்க வேண்டும். மிளகாய்க்கு மட்டும் ஐந்து, ஆறு மணி நேர வெயிலும் சற்றுப் பெரிய, எட்டுப் பத்து லிட்டர் வாளியும் தேவை. கொக்கி வலுவாக இருக்கும் ஓரத்தை அதற்கு ஒதுக்குங்கள். கத்தரி, சுரை, புடலை, கறிவேப்பிலை ஆகியவற்றைத் தொங்கவிட வேண்டாம். தரையில் சாக்கில் வைத்துக் கொடியை மேலே ஏற்றலாம்.

சரி, அறுபது கிராம் கணக்குப் பார்த்தால் இந்த உழைப்பு எதற்கு, கட்டுக் கீரை வாங்கிவிட்டுப் போகலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதுதான், தொங்கு தொட்டி குடும்பத்தின் காய்கறிச் செலவைப் பாதியாக்கும் என்று சொல்கிறவர் ஏமாற்றுகிறார். ஆனால் வீட்டுச் செலவில் சில பொருள்கள் விசித்திரமானவை. புதினாவும் கொத்தமல்லியும் கட்டாகத்தான் கிடைக்கும், தேவைப்படுவது கொஞ்சம், மீதி இரண்டு நாளில் வாடிக் குப்பைக்குப் போகும். குளிர்பதனப் பெட்டி இல்லாத வீட்டில் ஒரே நாளில். தொட்டியில் இருந்தால் தேவையான அளவு மட்டும் பறிக்கிறோம். பொன்னாங்கண்ணியும் மணத்தக்காளியும் எல்லா நாளும் சந்தைக்கு வருபவை அல்ல. வந்தாலும் எந்தத் தண்ணீரில் வளர்ந்தது என்று கேட்டு வாங்க வழியில்லை. எந்தத் தண்ணீர் என்பது உங்களுக்கே தெரிந்த கீரை வாரத்துக்கு ஒரு முறை சோற்றில் சேர்ந்தாலும் அது லாபம்தான்.

தண்ணீர்ப் பஞ்சத்தைக் காட்டிச் சொல்லப்படும் ஆட்சேபம் இதைவிடக் கனமானது. 2019 கோடையில் ஏரிகள் வற்றி, லாரித் தண்ணீருக்குக் குடங்களோடு வரிசையில் நின்றதை மறந்துவிட்டுச் செடிக்கு ஊற்றுங்கள் என்று யாரும் சொல்லக் கூடாது. மூன்றரை லிட்டர் தொட்டி ஒன்று கோடையில் நாளுக்கு அரை லிட்டர் கேட்கும். ஆறு தொட்டிக்கு மூன்று லிட்டர். ஒரு குடும்பம் அரிசி களைந்து, பருப்பும் காயும் கழுவிக் கொட்டும் தண்ணீர் அதற்கும் மேலேயே இருக்கும். அதை ஒரு வாளியில் சேர்த்து அன்றே ஊற்றிவிட வேண்டும். வைத்திருந்தால் புளித்து நாறும். சோப்புத் தண்ணீரும், குடிநீர்க் கருவி வெளியே தள்ளும் உப்புத் தண்ணீரும் ஆகாது. அடிபம்புத் தண்ணீர் நாக்கில் உப்புக் கரித்தால் அதையும் தவிர்த்துவிடுங்கள். தொங்குகிற தொட்டிக்கு எல்லாப் பக்கமும் காற்று படுவதால் சீக்கிரம் காயும் என்பதால், கலவையின் மேல் தேங்காய் நாரைப் பிரித்து மூடாக்காகப் போட்டால் நனைவு நீடிக்கும்.

கொசு பற்றிய பயமும் சரியானதே. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக மாற ஒரு வாரம், பத்து நாள் போதும். கலவைக்குள் இருக்கும் ஈரத்தில் கொசு வளராது, திறந்து நிற்கும் தண்ணீரில்தான் வளரும். ஆகவே ஆபத்து தொட்டியில் இல்லை, சொட்டுத் தண்ணீர் பிடிக்கக் கட்டிய குவளையில் இருக்கிறது. அதை நாள்தோறும் செடிக்கே திருப்பி ஊற்றுவதுதான் சரி. முடியாவிட்டால் வாரம் ஒருமுறை கவிழ்த்துத் தேய்க்க வேண்டும். மாநகராட்சிக் கொசு ஒழிப்புப் பணியாளர் வந்து கேட்டால் முகம் சுளிக்காமல் குவளையைக் கழற்றிக் காட்டுங்கள்.

எருக்கஞ்சேரி நெடுஞ்சாலையை ஒட்டி இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. மணலிக்கும் துறைமுகத்துக்கும் போகும் லாரிகளின் புகையும் புழுதியும் இலையில்தான் படியும். சாலையைப் பார்த்த பக்கத்தில் மிளகாயை மாட்டுங்கள். காயைக் கழுவுவது எளிது. இலையாகத் தின்பவற்றை உள்முற்றத்துப் பக்கம் வையுங்கள், பறித்ததும் இரண்டு முறை தண்ணீரில் அலசுங்கள். பால்கனியில் துணி காயப் போடும் கயிற்றுக்கும் இதே வெயில்தான் வேண்டும் என்பதால், தொட்டிகளைக் கயிற்றின் மட்டத்துக்குக் கீழே, இரு ஓரமாக மாட்டிக்கொண்டால் வீட்டில் சண்டை வராது.

ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொல்வது வயலுக்கு. நட்ட மிளகாய் காய்க்க இரண்டரை மாதம் ஆகும். ஆடியில் நட்டால் காய்க்கும் நேரத்தில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். இந்தப் பகுதியில் மார்கழிக் கடைசியிலும் தையிலும் தொடங்குவது நல்லது: மழை ஓய்ந்திருக்கும், வெயில் இதமாக இருக்கும், கொத்தமல்லி நன்றாக வரும். கத்திரி வெயிலில் பசலையும் பொன்னாங்கண்ணியும் தவிர மற்றவை சோர்ந்துபோகும். பழைய சேலை ஒன்றை நிழலாகக் கட்டுங்கள். மாதம் ஒரு முறை ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதும். மாவுப்பூச்சி வந்தால் லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டுச் சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கலாம். மாதந்தோறும் உரம் போடும் நாளில் கயிற்றையும் கையால் தடவிப் பாருங்கள். நூல் பிரிந்து சொரசொரப்பாகத் தெரிந்தால் அந்த உறியை மாற்றிவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலில் புயல் சின்னம் என்று அறிவிப்பு வந்தால், தொட்டிகளைக் கழற்றி அறைக்குள் சுவரோரம் வரிசையாக வைத்துவிடுங்கள். மூன்று, நான்கு நாள் வெயில் இல்லாமல் இருந்தாலும் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. முதல் மாடியில் இருப்பவர்கள் தரைத்தள வீட்டாரின் தொட்டிகளையும் அந்த நாள்களில் வாங்கி வைத்துக்கொள்ளலாம்.